சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை

"ஓசியில வேலை செஞ்சதுக்குக் கூலி என் வீடாம்" என்றாள் தையல்காரம்மா. "இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டுல போய்ச் சொல்றது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டே பேசினாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மிஷினை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். புருஷன் போன பிறகு ஊசியும் நூலுமாக உட்கார்ந்து கட்டிய வீடு அது. பின்னறையில் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பதாகப் பேர், காது முழுக்க இங்கேதான் இருந்தது.

"மிஷினை விட்டுட்டுச் சொல்லுங்க. பாவம், அது என்ன பண்ணிச்சு?" என்றேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அங்கே மேலதிகாரியின் மச்சான் போட்ட கிளெய்மையும் கண்டுபிடித்துவிட்டதால் வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தாள். நிறுவனம் என்பது அவளும் நானும் ஒரு மோட்டார் சைக்கிளும். 'வெட்டியா சுத்தறவனை வெச்சு வேலை வாங்கினா அவனுக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது' என்று அண்ணன்தான் என்னை அவளிடம் தள்ளிவிட்டான்.

"விழுந்தது எப்படி? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

தையல்காரம்மா வாரத்தில் ஒருநாள் முதியோர் பகல் இல்லம் ஒன்றுக்குப் போய்க் கிழிந்த போர்வைகளைத் தைத்துக் கொடுப்பாள். காசு வாங்குவதில்லை. போன மாதம் ஒருநாள், இல்லத்து வேனில் ஆட்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற தாடிக்காரர் காய்ச்சலில் வரவில்லை. செயலாளர் வந்து, 'நீங்க கொஞ்சம் ஏத்தி விடுங்கம்மா' என்று வேனின் பின்கதவுச் சாவியை இவள் கையில் கொடுத்தாராம். சக்கர நாற்காலியில் இருந்தவர் கடிகாரம் ரிப்பேர் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர். சாய்வுப் பலகை வழியாக அவரை வேனுக்குள் தள்ளி ஏற்றியிருக்கிறாள். பிரேக்கைப் போட்டுவிட்டு பெல்ட்டை எடுக்கக் குனிந்திருக்கிறாள்.

"பிரேக் போட்டேன். டக்குனு சத்தம்கூடக் கேட்டுது. நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள நாற்காலி சரிஞ்சு கீழ போயிடுச்சு. மனுஷருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு."

"அந்த நாற்காலியை அடையாளம் தெரியுமா?"

"தெரியாம என்ன. பின்னாடி கொட்டை எழுத்துல கொடுத்தவர் பேர் எழுதியிருக்கும்."

பெரியவரின் மகன் நஷ்டஈடு கேட்டு இவள்மேல் வழக்குப் போட்டிருந்தான். இல்லத்தின்மேல் இல்லை. இவள்மேல் மட்டும். 'அவங்களை நாங்க ஏத்தச் சொல்லவே இல்லை, சாவியை அவங்களா எடுத்துக்கிட்டாங்க' என்று செயலாளர் கைகழுவிவிட்டார்.

வண்டியில் போகும்போது அண்ணி பின்னால் உட்கார்ந்து எனக்குச் சட்டம் நடத்தினாள்.

"இந்த மாதிரி சேவை செய்யறவங்களுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. அமைப்பு கொடுத்த வேலையை நல்ல மனசோட செய்யும்போது தப்பு நடந்தா, செஞ்சவங்க சொத்துல யாரும் கை வைக்க முடியாது. அமைப்புதான் பதில் சொல்லணும்."

"அப்புறம் என்ன, கேஸ் முடிஞ்சுதே. வாங்க காபி சாப்பிடலாம்."

"ரெண்டு ஓட்டை இருக்கு. கொடுக்காத வேலையில தானா மூக்கை நுழைச்சா பாதுகாப்பு கிடையாது. கொடுத்த வேலையையே கண்ணு மண்ணு தெரியாத அஜாக்கிரதையோட செஞ்சாலும் கிடையாது. அந்தச் செயலாளர் முதல் ஓட்டை வழியா தப்பிச்சிருக்கான். அதை அடைச்சா ரெண்டாவதுக்கு ஓடுவான்."

"எலி மாதிரியா?"

"எலிக்கு வெட்கம் உண்டு" என்றாள் அண்ணி.

போகும் வழியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, பெரியவரின் மகனுக்குப் போன் போட்டாள். 'உங்க அப்பா எப்படி விழுந்தார்னு நிஜமா தெரிஞ்சுக்கணும்னா இல்லத்துக்கு வாங்க' என்றாள். அவன் ஏதோ கத்தினான். ஆனாலும் வருகிறேன் என்றான். தையல்காரம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருந்தாள்.

இல்லத்தின் முன்கூடத்தில் ஓடாத மின்விசிறி ஒன்று தொங்கியது. நின்றுபோன கடிகாரம் ஒன்றும் இருந்தது. இரண்டிலும் கொடுத்தவர் பெயர் பளிச்சென்று எழுதியிருந்தது. செயலாளர் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்து கை கூப்பினார். அவர் இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்து நடக்கும்போதெல்லாம் அவருக்கு முன்னால் பேசியது.

"ஓடாத ஃபேனை ஏன் சார் மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கொடுத்தவங்க வந்து பார்ப்பாங்க தம்பி. அவங்க மனசு நோகக் கூடாது. இங்க வந்த ஒரு பொருளைக்கூட நாங்க தூக்கிப் போட்டதில்லை" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "வேன் பின்கதவுச் சாவி எங்க இருக்கும்?"

செயலாளர் தன் அறைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். ஒரு ஆணி. ஆணியில் ஒரு சாவி. "எப்பவும் இங்கதான். யார் வேணும்னாலும் எடுக்கலாம். இது சேவை செய்யற இடம், இங்க சந்தேகத்துக்கு வேலை இல்லை. அந்தம்மா பாவம், ஆர்வக் கோளாறுல எடுத்துட்டாங்க. அதுக்கு இல்லம் என்ன பண்ணும் சொல்லுங்க."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. முதுகில் குத்திவிட்டு மருந்து போடுகிற குரல். அண்ணி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாற்காலியைப் பார்க்கலாமா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"சரி. வேனைப் பார்க்கறோம்."

வேன் பின்பக்கம் கொட்டகையில் நின்றது. டிரைவர் ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பளக்காரர், அதனால் எதைக் கேட்டாலும் 'தெரியாதும்மா' என்றார். தன் பெயரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரம் என்பதால் பின்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அண்ணி உள்ளே ஏறினாள். கதவோரமாகத் தரையில் செங்கல் அளவுக்கு ஒரு மரக்கட்டை கிடந்தது.

"இது என்ன?"

"வேன் டயருக்கு அடியில வைக்கறதும்மா. மேட்டுல நிறுத்தினா வேணும்ல" என்று அதற்கு மட்டும் டிரைவருக்குப் பதில் தெரிந்தது.

"இந்த வேனுக்கு இந்தக் கட்டையா? டயர் இதை முழுங்கிட்டுப் போயிடும்."

அண்ணி உட்கார்ந்து பார்த்தாள். நானும் தலையை நீட்டினேன். கட்டையின் ஒரு பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது. விரல் அகலத்துக்குத்தான் இருக்கும், ஆனால் நன்றாக ஆழமாகத் தேய்ந்து, வழவழவென்று இருந்தது. டயர் பதிந்த தடம் இப்படி இருக்காது. மெல்லிய சக்கரம் ஒன்று மாசக்கணக்கில் அதே இடத்தில் ஏறி நின்றால்தான் மரம் இப்படித் தேயும். சக்கர நாற்காலியின் சக்கரம்.

எனக்கும் புரிந்தது. பிரேக் பிடிக்கிற நாற்காலிக்கு எதற்குக் கட்டை?

டிரைவர் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொடாதே. இருந்த இடத்துலயே இருக்கட்டும். எங்க கிடக்குதுங்கறதுதான் சாட்சி" என்று என் காதில் சொல்லிவிட்டு அண்ணி இறங்கி நடந்தாள்.

சொன்னபடி கேட்டிருந்தால் நான் ஏன் இந்த வேலைக்கு வரப்போகிறேன்? அந்தச் சுருக்கமில்லாத சட்டைக்கு முன்னால் கட்டையைப் படாரென்று வைக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. டிரைவர் முன்பக்கம் போன சமயம் பார்த்துக் கட்டையைத் தூக்கித் தோள்பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காலையில் குடித்த தண்ணீரெல்லாம் வேலையைக் காட்டியது. கழிவறைக் கதவில் பூட்டு. முன்கூடத்துக்கு ஓடிவந்தேன்.

"சார், அவசரம்."

செயலாளர் இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியை நிதானமாகக் கழற்றி நீட்டினார். "பூட்டிட்டு மறக்காம கொண்டாந்து என் கையில கொடுங்க. சோப்பு காணாமப் போகுது."

நான் போய் வந்தபோது அறையில் கடிகாரப் பெரியவரின் மகன் இருந்தான். நல்ல உயரம், சரியாகத் தூங்காத கண்கள். உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை. அண்ணி சன்னலோரமாக நின்றிருந்தாள். வாசலில், கேட்டுக்கு வெளியே, தையல்காரம்மா வெயிலில் நிற்பது அங்கிருந்து தெரிந்தது. உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். போன மாதம் வரை ஓசியில் போர்வை தைத்துக் கொடுத்தவளுக்கு.

"சாவியைத் திருப்பிக் கொடுத்தியா?" என்று அண்ணி என்னைக் கேட்டாள்.

"கொடுத்துட்டேன். கையெழுத்து மட்டும்தான் வாங்கலை."

அண்ணி செயலாளர் பக்கம் திரும்பினாள். "கழிவறைச் சாவி உங்க இடுப்புல இருக்கு. தேயிலை டப்பா அலமாரிக்குப் பூட்டு, தண்ணி டேங்குக்குப் பூட்டு. எல்லாம் வரும்போதே பார்த்தேன். ஒரு சோப்புக்கு யாரையும் நம்பாத மனுஷர், வேன் சாவியை மட்டும் ஊருக்குப் பொதுவா ஆணியில மாட்டி வெச்சிருந்தீங்களா?"

"அது... பழக்கம்மா."

"பழக்கம்னா சுவர் சொல்லும். தினமும் சாவி மாட்டி எடுக்கற ஆணிக்குக் கீழ கீறல் விழும், அழுக்கு படியும். இங்க சுண்ணாம்பு அடிச்ச அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு. ஆணியைச் சுத்தி உதிர்ந்த சுண்ணாம்பை யாரும் இன்னும் துடைக்கக்கூட இல்லை. இந்த ஆணி வழக்கு வந்த பிறகு அடிச்சது."

மகன் நெற்றியைச் சுருக்கினான். "அவங்களா எடுத்துட்டாங்கன்னுதானே என்கிட்ட சொன்னீங்க? இல்லத்து மேல கேஸ் போட்டா நிக்காது, அந்தம்மாவுக்குச் சொந்த வீடு இருக்கு, அதுமேல போடுன்னு வக்கீலைக்கூட நீங்கதானே காட்டினீங்க?"

எனக்குக் காது அடைத்துப்போனது. அந்தம்மா வீட்டைக் கைகாட்டி விட்டதே இந்த ஆள்தான். எல்லோரும் திட்டுகிற வார்த்தை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அண்ணி என் காலை மிதித்தாள்.

செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணி சொன்னது போலவே அடுத்த ஓட்டைக்கு ஓடினார்.

"சரி, வெச்சுக்குங்க. நானே கொடுத்ததாவே இருக்கட்டும். அதனால என்ன? வயசானவரை ஏத்தும்போது பிரேக்கைப் போடாம விட்டா அது எப்பேர்ப்பட்ட அஜாக்கிரதை? சட்டம் அதுக்கெல்லாம் குடை பிடிக்காது. நாற்காலி நல்லாத்தான் இருந்துது."

இதற்காகத்தானே காத்திருந்தேன். பையைத் திறந்து கட்டையை எடுத்து, மேஜைமேல் ஓங்கி வைத்தேன்.

"நல்லா இருந்த நாற்காலிக்கு இது எதுக்கு சார்?"

செயலாளரின் முகம் வெளுத்தது. வெற்றிப் பெருமிதத்தோடு அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் அவர் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"அதை ஏண்டா எடுத்தே?" என்றாள். என்னை 'டா' போட்டு அவள் அதற்கு முன் கூப்பிட்டதே இல்லை.

அதற்குள் பின்பக்கமிருந்து குரல் வந்தது. "கட்டை எங்க? இங்க இருந்த கட்டையை யார் எடுத்தது?"

மேஜைமேல் இருந்த கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எல்லோரும் ஓடினோம். முதலில் போய்ச் சேர்ந்தவர் செயலாளர்.

வேன் சாய்வுப் பலகையின் உச்சியில் ஒரு சக்கர நாற்காலி. அதில் ஒல்லியாக ஒரு கிழவி. நாற்காலியின் முதுகில் கொட்டை எழுத்தில் யாரோ ஒரு புண்ணியவானின் பெயர். ரிப்பேருக்கெல்லாம் எங்கேயும் போகவில்லை அது. வேனுக்குள் நின்ற தாடிக்காரர் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தரையைத் தடவிக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். கை வழுக்கியது. நாற்காலி பின்பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. கிழவிக்குக் கத்தக்கூட வரவில்லை, வாய் மட்டும் திறந்தது.

செயலாளர் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். கை நீட்டினால் எட்டும் தூரம். அவர் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இதை நான் பார்த்தேன், பெரியவரின் மகனும் பார்த்தான்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது தையல்காரம்மா. எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. பலகையில் முட்டி போட்டு விழுந்து, நாற்காலியின் முதுகைத் தோளால் தாங்கினாள். நாற்காலியின் பாரமும் கிழவியின் பாரமும் அவள் தோளில் நின்றது.

"பிடிச்சுட்டேன், பயப்படாதீங்க" என்று கிழவியிடம் சொன்னாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "தம்பி, அந்தக் கட்டையைக் கொடுங்க."

கொடுத்தேன். அவள் அதைச் சக்கரத்துக்கு அடியில் செருகினாள். சக்கரம் கட்டையின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. நாற்காலி நின்றது.

அப்போதுதான் செயலாளருக்குத் தைரியம் வந்தது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"திருட்டுப் பயலே, உன்மேல போடறேன்டா கேஸு. கட்டை இல்லாட்டி அந்த நாற்காலி நிக்காதுன்னு தெரியாதா? பிரேக் போய் எத்தனை நாளாச்சு, குழந்தைக்குக்கூடத் தெரியுமே இங்க."

பேசிய பிறகுதான் தன் காதில் அது விழுந்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தது. டிரைவர் துணியைக் கீழே போட்டுவிட்டு, முதல்முறையாக எங்களை நேராகப் பார்த்தார்.

"இவனுக்குத் தெரியாது" என்றாள் அண்ணி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. கோபம் மிஞ்சினால் அவளுக்குக் குரல் ஏறாது. "நல்லது செய்யறதா நினைச்சு எடுத்துட்டான். முட்டாள்தனம், அதுக்கு இவனை நான் வீட்டுல வெச்சுக் கவனிச்சுக்கறேன். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பேர் எழுதின நாற்காலிய ரிப்பேர் பண்ணலை, தூக்கியும் போடலை. தெரியாத ஒருத்தி கையில கொடுத்து அனுப்பினீங்க. ஒரு மனுஷர் இடுப்பை உடைச்ச பிறகும் அதே நாற்காலியில இன்னொருத்தரை உட்கார வெச்சிருக்கீங்க."

தாடிக்காரர் கிழவியை மெல்ல இறக்கி நிழலில் உட்கார வைத்தார். "எங்க எல்லாருக்கும் கட்டை பழக்கம்தான்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "பழகினவங்கதானே எப்பவும் ஏத்தறோம். அதனால அதை யாருக்கும் தனியா சொல்லணும்னே தோணலை."

பெரியவரின் மகன் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தையல்காரம்மா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"அன்னிக்கு இந்தக் கட்டையைப் பத்தி உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

"சொல்லியிருந்தா வெச்சிருப்பேனே."

அவன் செயலாளரைப் பார்த்து, "நான் இன்னிக்கே வக்கீலைப் பார்க்கறேன். கேஸ்ல இவங்க பேர் இருக்காது. யார் பேர் இருக்கும்னு உங்களுக்கே தெரியும்" என்றான்.

வீடு பிழைத்தது. தையல்காரம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முழங்காலை அழுத்திக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். உங்க அப்பாவைப் பார்க்கப் போகக் கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டார். போய் மன்னிப்புக் கேட்டா, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். தப்பு யாருதா இருந்தாலும், அவர் விழுந்தது என் கையிலிருந்துதானே. இப்பவாவது வந்து பார்க்கலாமா?"

அவன் அவளுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா தினமும் கேக்கறாரும்மா" என்றான். "அந்தம்மாவுக்கு அடி கிடி பட்டுதா, ஏன் ஒருநாள்கூட வரலைன்னு. நான்தான் பதிலே சொல்லலை."